கனவை அறிந்தவருக்கும் சோதனை வேண்டுமா?

தூங்கிக்கொண்டிருக்கும்போதே ‘இது கனவு’ என்று தெரிந்துகொள்பவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். தூங்குபவரின் உள்ளத்தில் ஏதோ ஒன்று, தோன்றுவது கனவுதான் என்று சொல்வதுண்டு என அரிஸ்டாட்டில் கனவுகளைப் பற்றிய தம் சிறு நூலில் குறித்திருக்கிறார். இன்றைய ஆய்வாளர்கள் லூசிட் ட்ரீம் என்று அழைக்கும் அந்த அனுபவத்தை இங்கே தெளிகனவு என்போம். அதைப் பழகிக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு முதலில் சொல்லித்தரப்படுவது நனவுச் சோதனை. மூக்கை அழுத்தி மூடிக்கொண்டு மூச்சு வருகிறதா என்று பார்ப்பது, ஒரு வரியைப் படித்துவிட்டுக் கண்ணை வேறுபக்கம் திருப்பி மீண்டும் படிப்பது, விரல்களை எண்ணுவது, விளக்கு சுவிட்சைத் தட்டுவது என அதில் பல வகை. பகலில் அடிக்கடி செய்து பழகினால் ஒருநாள் கனவிலும் கை தானாக மூக்குக்குப் போகும், மூடிய மூக்கின் வழியே மூச்சு தாராளமாக வரும், குட்டு வெளிப்பட்டுவிடும். நோக்கம் இவ்வளவுதான்.

ஆண்டுக்கணக்கில் தெளிகனவு கண்டு தேறியவருக்கும் இந்தச் சோதனை தேவையா என்பதில் ஒத்த கருத்து இல்லை. தேறியவருக்குக் கனவின் வாடை உடனே தெரியும், சோதனை எதற்கு என்கிறது ஒரு தரப்பு. தேறியவர்தான் எளிதாக ஏமாறுவார், அவருக்கே சோதனை கூடுதலாக வேண்டும் என்கிறது மறுதரப்பு. இவ்விரண்டுக்கும் முந்தைய மூன்றாவது தரப்பு ஒன்று நம் மண்ணில் உண்டு. கனவுக்குள் செய்யும் எந்தச் சோதனையும் செல்லுபடியாகாது என்பது அதன் வாதம். மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரே கேள்வியாகத் தெரிவதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக்கிடப்பது புலப்படும்.

சோதனை பிறந்த கதை

பிரான்ஸின் ஹெர்வே த சான்-தெனி 1867இல் வெளியிட்ட நூலில், தாம் பல ஆண்டுகள் எழுதிவந்த கனவுக் குறிப்புகளிலிருந்து, கனவைக் கனவென்று அறிந்து அதன் போக்கை மாற்றலாம் என்று காட்டினார். டச்சு மருத்துவரும் எழுத்தாளருமான ஃபிரெடரிக் வான் ஈடன் 1913இல் எழுதிய கட்டுரை அந்த அனுபவத்தின் ஆங்கிலப் பெயரைப் பரவலாக்கியது. இருவருமே கனவுக்குள் சிறு சிறு சோதனைகள் செய்தவர்கள்தாம். ஆயினும் அவற்றைத் தினசரிப் பயிற்சியாக மாற்றியவர் ஜெர்மானிய உளவியலாளர் பால் தோலே. ‘நான் விழித்திருக்கிறேனா, கனவு காண்கிறேனா?’ என்று பகலில் பலமுறை உண்மையாகவே கேட்டுக்கொள்ள வேண்டும் என்றார் அவர். வாயளவில் கேட்டால் பயனில்லை. சந்தேகப்பட்டுக் கேட்க வேண்டும் என்பதை அவர் அழுத்திச் சொன்னதைப் பின்வந்தவர்கள் பலர் மறந்துவிட்டார்கள்.

இடையில் ஒரு தடை இருந்தது. தூங்குகிறவருக்கு எந்தத் தீர்ப்பும் சாத்தியமில்லை, ஆகவே ‘கனவில் அறிந்தேன்’ என்பதே பொருளற்ற கூற்று என்று தத்துவ அறிஞர் நார்மன் மால்கம் 1959இல் வாதிட்டார். அந்தத் தடை 1975 ஏப்ரலில் உடைந்தது. இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹேர்னின் ஆய்வில் பங்கேற்ற ஆலன் வோர்ஸ்லி, தூக்கத்தில் கனவு கண்டபடியே முன்கூட்டிப் பேசிவைத்த விதத்தில் கண்களை இடமும் வலமும் அசைத்துச் சைகை தந்தார். கருவி அதைப் பதிவு செய்தது. ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீஃபன் லபெர்ஜ் தனியாக இதே முறையில் வெற்றி கண்டு 1981இல் வெளியிட்டார். ஆய்வுக்கூடம் நம்பியது அந்தக் கண்ணசைவை. கனவுக்குள் அவர் மூக்கைப் பிடித்தாரா, விரலை எண்ணினாரா என்பதை அது கணக்கில் எடுக்கவேயில்லை. இந்த வேறுபாடு பின்னால் உதவும்.

நம் வழக்கில் உள்ள சோதனை கிள்ளிப் பார்ப்பது. இது மிகப் பலவீனமானது. தூங்குகிறவர்மீது அழுத்தம் தந்து டோரே நீல்சனின் குழு 1993இல் வெளியிட்ட ஆய்வில், கனவிலும் வலி உணரப்படுவது பதிவானது. கிள்ளினால் வலித்தது என்பதை விழிப்புக்குச் சாட்சியாகக் கொள்ள முடியாது.

‘தேறியவருக்குத் தேவையில்லை’

இத்தரப்பின் முதல் ஆதாரம் லபெர்ஜின் சொந்த வரலாறு. 1980இல் வெளியிட்ட கட்டுரையில், தெளிகனவு கற்றுக்கொள்ளக்கூடிய திறன் என்று தம்மையே எடுத்துக்காட்டாக வைத்து எழுதினார். அவர் கைக்கொண்ட வழியில் சோதனைக்கு நடுநாயக இடம் இல்லை. நள்ளிரவிலோ விடியலிலோ கனவிலிருந்து எழுந்ததும் அதை நினைவில் ஓட்டி, ‘அடுத்தமுறை கனவு காணும்போது அது கனவு என்பதை நினைவுகூர்வேன்’ என்று உறுதி எடுத்துக்கொண்டு மீண்டும் உறங்கினார். எதிர்காலத்தில் ஒன்றைச் செய்ய மறக்காமல் இருக்கும் நினைவாற்றலே இதில் வேலை செய்கிறது. மாலையில் கடைக்குப் போனால் உப்பு வாங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வதும் அதே ஆற்றல்தான்.

இரண்டாவது ஆதாரம் எண்களிலிருந்து வருகிறது. டென்ஹோம் ஆஸ்பி ஆஸ்திரேலியாவில் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில் 169 பேர் பங்கேற்றனர். பகல் சோதனையை மட்டும் ஒரு வாரம் செய்தவர்களிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரியவில்லை. சோதனையோடு ஐந்து மணி நேரத் தூக்கத்துக்குப்பின் எழுந்து லபெர்ஜின் உறுதிமுறையையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு அந்த வாரத்தின் இரவுகளில் சுமார் 17 விழுக்காட்டில் தெளிகனவு வாய்த்தது. பலன் எங்கிருந்து வந்தது என்பதை இந்த இடைவெளி ஓரளவு காட்டுகிறது. ஆனால் ஒரு வாரம் மிகக் குறுகிய காலம். பழக்கம் ஊறிக் கனவுக்குள் கசிவதற்கு வாரங்களோ மாதங்களோ தேவைப்படலாம். அதோடு பங்கேற்றவர்கள் பலதரப்பட்டவர்கள்; தேறியவர்களைப் பற்றி இந்த எண்களிலிருந்து நேராக முடிவு கட்ட இயலாது.

மூன்றாவது, மனப்பாங்கு பற்றியது. பெஞ்சமின் பேர்டும் சகாக்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், நெடுங்காலம் தியானம் பழகியவர்களுக்குத் தெளிகனவு மிகுதியாக இருந்தது. எட்டு வாரத் தியானப் பயிற்சி மட்டும் பெற்றவர்களிடம் அத்தகைய உயர்வு தெரியவில்லை. தன் மனத்தைத் தானே கவனிக்கும் குணம் ஆழமாகப் படிந்துவிட்டால் தனியே சோதனை செய்யாமலே கனவு பிடிபடும் என்று இதைப் படிக்கலாம். தெளிகனவு இயல்பாக உள்ளவர்கள் தியானத்தில் நிலைக்கிறார்கள் என்று தலைகீழாகவும் படிக்கலாம். காரணம் எது, விளைவு எது என்று பிரித்துச் சொல்ல இந்தத் தரவு போதாது.

சோதனையை விடச் சொல்வதற்கு ஒரு நலக் காரணமும் உண்டு. இஸ்ரேலின் நிரித் சாஃபர்-டூடெக்கும் லியாட் அவிராமும் 2018இல் வெளியிட்ட ஆய்வு, தெளிகனவு எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதை உளநலக் குறைவோடு தொடர்புபடுத்தவில்லை. வலிந்து வரவழைக்கும் உத்திகளைக் கையாண்டவர்களிடம்தான், தன்னிலிருந்தும் சுற்றத்திலிருந்தும் விலகிப்போன உணர்வு சற்றுக் கூடியதாக அது காட்டியது. ‘இது நிஜமா’ என்ற கேள்வியைப் பகல் முழுக்கச் சுமப்பது எல்லோருக்கும் உகந்ததல்ல. இரவுப் பலன் கைவந்த பிறகும் அந்தச் சுமையைத் தொடர்வதற்கு வலுவான காரணம் வேண்டும்.

மேலும், கனவில் தங்கியிருக்க விரும்புகிறவருக்குச் சோதனை இடைஞ்சலாகலாம். திருக்குறளின் ‘கனவுநிலை உரைத்தல்’ அதிகாரத்தில் வரும் தலைவி கனவைச் சோதிப்பதே இல்லை. அவள் மனத்தாங்கல் முழுவதும் நனவின் மேல்தான். சோதனை செய்து கண்டுபிடித்த பரபரப்பிலேயே விழித்துவிடுவது புதியவர்களின் பெரிய ஏமாற்றம். தேறியவர்கள் அந்தக் கணத்தில் உள்ளங்கைகளைத் தேய்ப்பது, நின்ற இடத்தில் சுழல்வது போன்றவற்றால் கனவை நிலைநிறுத்துவதில் கவனம் வைக்கிறார்கள்.

‘தேறியவருக்கே கூடுதல் தேவை’

அந்தச் சுழலும் உத்தியைப் பரப்பிய லபெர்ஜே ஒரு பக்கவிளைவையும் பதிவு செய்திருக்கிறார். சுழன்று முடித்ததும், தன் படுக்கையில் விழித்தெழுந்ததாகக் கனவு வருவது அடிக்கடி நிகழும். பொய் விழிப்பு எனப்படும் இந்நிலையை ஆங்கில ஆய்வாளர் சீலியா கிரீன் 1968இல் இரண்டு வகையாகப் பிரித்து விளக்கினார். மயக்க மருந்து தெளியும் வேளையில் ஏறக்குறைய நூறு பொய் விழிப்புகள் அடுத்தடுத்து வந்ததாக பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் எழுதியிருக்கிறார்.

பொய் விழிப்பின் தந்திரம் அதன் சாதாரணத்தன்மையில் இருக்கிறது. பறப்பதும் இறந்தவர் பேசுவதும் தேறியவருக்கு உடனே உறைக்கும். பொய் விழிப்பில் அவை எதுவும் இல்லை. அலாரம் அடிக்கிறது; எழுந்து போர்வையை மடிக்கிறார்; சற்று முன் கண்ட தெளிகனவைக் குறிப்பேட்டில் எழுதக்கூடச் செய்கிறார்; முகம் கழுவுகிறார். பிறகுதான் உண்மையில் விழிக்கிறார், எழுதிய பக்கம் வெறுமையாக இருக்கிறது. ‘கனவு முடிந்துவிட்டது’ என்ற நம்பிக்கைதான் அவரை ஏமாற்றியது. கனவைப் பற்றி எதுவும் அறியாதவருக்கு அந்த நம்பிக்கை எழ வாய்ப்பே குறைவு. தேர்ச்சி கூடக்கூட, கனவு முடிந்தது என்று தீர்மானிக்கும் தருணங்களும் கூடுகின்றன. ஒவ்வொன்றும் புதிய ஏமாற்றத்துக்கான வாசல். எனவே ஒவ்வொரு விழிப்புக்குப் பிறகும் ஒரு சோதனை என்பதை மட்டும் விடக்கூடாது என்கிறார்கள் இத்தரப்பினர். என் மதிப்பீட்டில், இவ்விவாதத்தில் மிக உறுதியான நடைமுறை வாதம் இது.

குறையும் உண்டு. சோதனை பொய் சொல்வதுண்டு. படித்த வரியை மீண்டும் படித்தால் கனவில் பெரும்பாலும் மாறிவிடும் என்கிறார் லபெர்ஜ். பெரும்பாலும் என்பது எப்போதும் ஆகாது. மூடிய மூக்கில் மூச்சு வரவில்லை, வரி மாறவில்லை, ஆகவே இது நனவு என்று தவறாகத் தீர்ப்பளித்துவிட்டுக் கனவிலேயே தொடர்ந்தவர்களின் அனுபவங்கள் தெளிகனவாளர்களிடையே நிறைய. ஆயிரம் முறை செய்து தேய்ந்த சோதனையில் இந்த ஆபத்து கூடுதல். வலை பின்னுபவரின் விரல்கள் பேச்சினூடே கண் பாராமல் முடிச்சிடுவது போலக் கை சோதனையைச் செய்துமுடித்துவிடும். விடையைப் பார்க்க மனம் வருவதில்லை. தோலே எச்சரித்தது இதைத்தான்.

சோதனைக் கருவியே கனவாக இருந்தால்?

மாண்டூக்கிய உபநிடதத்துக்குக் காரிகை செய்த கௌடபாதர், விழிப்பில் காண்பவையும் கனவில் காண்பவையும் ஒரே தரத்தவை என்று நிறுவ முயன்றார். அதற்கு வரும் இயல்பான மறுப்பு: விழிப்பில் உண்ட சோறு பசியை ஆற்றுகிறதே, கனவுச் சோறு ஆற்றாதே? பயன்பாட்டையே சோதனையாக வைக்கும் மறுப்பு இது. காரிகையின் இரண்டாம் பகுதி அதை எதிர்கொள்கிறது. வயிறார உண்டு படுத்தவர் கனவில் பல நாள் பட்டினி கிடந்தவராகத் துடிப்பதுண்டு. கனவில் விருந்துண்டவர் பசியோடு எழுவதும் உண்டு என்று உரை அதை விளக்குகிறது. கனவுப் பசிக்குக் கனவுச் சோறு முழுமையாகப் பயன்படுகிறது. ஆகவே ‘வேலை செய்கிறதா’ என்ற சோதனை இரு நிலையிலும் வெற்றி பெறும். எந்த நிலையில் இருக்கிறோம் என்று காட்டாது.

இதே மரபில் வந்த சங்கரர் பிரம்மசூத்திர உரையில் வேறு தொனியில் பேசுகிறார். விழிப்பு கனவைப் போன்றதல்ல, ஏனெனில் கனவு விழித்ததும் மறுக்கப்படுகிறது, விழிப்பில் கண்ட தூண் அப்படி மறுக்கப்படுவதில்லை என்பது அவர் நிலைப்பாடு. அவர் பெயரிலேயே வழங்கும் காரிகை உரையையும் இதையும் எப்படி இணைப்பது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நம் கேள்விக்கு முக்கியமானது, மறுப்பு பின்னால் வருகிறது என்பதுதான். கனவின் உள்ளிருந்தபடியே அது கிடைப்பதில்லை.

தொண்டைமண்டலத்தின் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுசர் முற்றிலும் மாறுபட்டார். கனவுப் பொருள்கள் பொய்யில்லை. அந்த ஒருவர் மட்டும், அந்த நேரத்துக்கு மட்டும், தம் வினைப்பயனை நுகரும்படி இறைவன் படைப்பவை என்றார். மெய்யா பொய்யா என்ற கேள்விக்கு இங்கே வேலையில்லை. இது எனக்கு மட்டுமா, எல்லோருக்குமா என்பதே மிஞ்சும் வேறுபாடு. இன்று வழங்கும் சோதனைகள் பெரும்பாலும் ஒருவர் தனியே செய்பவை. பிறரிடம் கேட்டு உறுதிசெய்வதும் உதவாது, ஏனெனில் கனவில் வரும் பிறரும் ஆம் என்பார்கள்.

சைவ சித்தாந்தம் இதைக் கணக்காகவே வைத்திருக்கிறது. மெய்கண்டாரின் சிவஞானபோதம் நான்காம் சூத்திரத்தில் ஐந்து அவத்தைகளைப் பேசுகிறது. திருமந்திரத்தின் எட்டாம் தந்திரமும் அவற்றை விரிக்கிறது. சாக்கிரத்தில் முப்பத்தைந்து கருவிகள் தொழிற்படும். சொப்பனத்தில் அவை இருபத்தைந்தாகக் குறையும். விடுபடுபவை கண், காது முதலான அறிவுப்பொறிகள் ஐந்தும் வாய், கை, கால் முதலான தொழிற்பொறிகள் ஐந்தும். மனம், புத்தி, சித்தம், அகங்காரம் நான்கும் கனவிலும் இருக்கும். இந்தக் கணக்கு நம் விவாதத்துக்கு நேரடியாகப் பொருந்துகிறது. மூக்கைப் பிடிக்கும் கையும் விரலை எண்ணும் கண்ணும் கனவில் அகன்றுபோன பத்தில் சேர்ந்தவை. சோதிப்பவர் கையாள்வது அவற்றின் நிழலை. ஆனால் தீர்ப்பளிக்கும் புத்தி உடனிருக்கிறது. அப்படியானால் கனவை அறிவது சாத்தியம். அந்த அறிவு பொறிகளின் வழியே வர இயலாது. தெளிகனவு அடிக்கடி காண்பவர்களின் நெற்றிப்புற மூளைப்பகுதியில், தன் சிந்தையைத் தானே மதிப்பிடும் திறனோடு தொடர்புடைய இடம் சற்றுப் பெரிதாக இருப்பதாக எலிசா ஃபிலெவிச்சின் குழு 2015இல் வெளியிட்டது. சாத்திரக் கணக்கையும் மூளைப் படத்தையும் ஒன்றென்று சொல்வது மிகை. இரண்டும் கவனத்தைக் கையிலிருந்து தீர்ப்பின் பக்கம் திருப்புகின்றன என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

திருவண்ணாமலையில் இரமணரிடம் இக்கேள்வி வந்தபோதெல்லாம், கனவு குறுகியது, விழிப்பு நீண்டது, மற்றபடி வேறுபாடில்லை என்ற பொருளில் விடையளித்து, கனவு யாருக்கு வருகிறது என்று கேட்கத் திருப்பினார். நாரோபாவின் ஆறு யோகங்களில் ஒன்றான திபெத்தியக் கனவு யோகத்தில், பகலில் காண்பவை அனைத்தையும் கனவாகவே கருதச் சொல்கிறார்கள். அங்கே சோதனை இல்லை. விடை முன்பே தீர்மானிக்கப்பட்டது. ஆனால் இவர்களின் குறிக்கோள் விடுதலை. இரவுக் கனவைப் பிடிப்பது அங்கே வழித்துணை மட்டும். அவர்களின் தீர்வைத் தெளிகனவுப் பயிற்சிக்கு அப்படியே கொண்டுவருவோர் இந்த நோக்க வேறுபாட்டைச் சொல்லாமல் விடுவது சரியல்ல.

ஏரிக்கரைத் தூக்கத்தின் கணக்கு

மேலே கண்ட நவீன ஆய்வுகள் ஒரு வாழ்க்கைமுறையை எடுத்துக்கொள்கின்றன: இரவு படுத்து, காலை எழுந்து, நாள் முழுக்க எழுத்தையும் எண்காட்டும் கடிகாரத்தையும் சுவிட்சையும் பார்க்கும் வாழ்க்கை. பழவேற்காடு ஏரியை நோக்கிப் போனால் தூக்கத்தின் அமைப்பே வேறு. இறால் இருட்டில் நடமாடும். அதைத் தேடுபவர் இரவில் ஏரியில் இருப்பார். முகத்துவாரப் பகுதி ஊர்களில் எந்த இடத்தில் யார், எந்த நாள் வலை கட்டுவது என்பதைப் ‘பாடு’ என்னும் முறைவைப்பு தீர்மானிக்கிறது. தம் முறை வரும் இரவில் அவர் விழித்திருப்பார், வராத இரவில் உறங்குவார். விடியலில் கரையேறி, பிடித்ததை விலைபேசிக் கொடுத்துவிட்டு, வெயில் ஏறும் நேரத்தில் கண்ணயர்வார்.

உடலியல்படி அந்த நேரம் முக்கியமானது. கனவு செறிந்த தூக்கநிலை விடியலையும் காலையையும் ஒட்டி உச்சத்துக்கு வரும். காலைத் தூக்கத்தில் அது சீக்கிரம் தொடங்கி நீளும். தெளிகனவுப் பயிற்சியாளர்கள் அலாரம் வைத்து நடுவில் எழுந்து மறுபடி படுப்பதன் நோக்கமும் அதே நேரத்தைப் பிடிப்பதுதான். அவர்கள் வலிந்து உண்டாக்கும் முறிந்த தூக்கம் ஏரித்தொழிலில் பிழைப்போடு வருகிறது. அதனால் மீனவர்கள் தெளிகனவு மிகுதியாகக் காண்பார்கள் என்று முடிவு கட்டக்கூடாது. களைப்பு தூக்கத்தை ஆழமாக்கும். கனவை அறிய வேண்டும் என்ற எண்ணமும் தேவை. ஆனால் பயிற்சியின் மிகப் பலனுள்ள பகுதி எது என்பதைப் பிரித்தறிய இத்தகைய தூக்கம் உதவக்கூடும்: நடுவில் எழுவதா, உறுதி எடுப்பதா, பகல் சோதனையா?

சோதனையின் வடிவமும் இங்கே மாற வேண்டியிருக்கும். ஏரி பெரும்பகுதி ஓர் ஆள் நிற்கும் ஆழம்கூட இல்லாதது. படகைக் கழியால் ஊன்றித் தள்ளுகிறவருக்கு, கழி எவ்வளவு இறங்கிச் சேற்றில் பதிகிறது, இழுக்கும்போது சேறு எப்படிப் பற்றுகிறது என்பதெல்லாம் எண்ணாமலே தெரியும். அச்சிட்ட வரியை இரண்டுமுறை படிக்கும் சோதனை அவருக்கு அந்நியமான சடங்கு. கழி அடிதொடுகிறதா என்பது அவர் கையோடு வளர்ந்த கேள்வி. ஒருவரின் உடல் அன்றாடம் நுணுக்கமாக எதிர்பார்க்கும் ஒன்றில் கனவு தவறுவதற்கு வாய்ப்பு அதிகமா, அல்லது நன்கு பழகிய ஒன்றைத்தான் கனவு மிகத் துல்லியமாகப் போலி செய்யுமா? ஹேர்னின் பரிசோதனையில் கனவில் விளக்கைப் போட முயன்றவர்களுக்குப் பெரும்பாலும் விளக்கு எரியவில்லை. அன்றாடம் தட்டும் சுவிட்சைக்கூடக் கனவு போலி செய்யத் தவறியது முதல் விடைக்குச் சாய்வு தருகிறது. முகம் கழுவுவதையும் போர்வை மடிப்பதையும் பிசகின்றிக் காட்டும் பொய் விழிப்பு இரண்டாவதற்குச் சாய்வு தருகிறது.

தீர்ந்ததும் தீராததும்

இதுவரை கண்டவற்றை வைத்து ஒன்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். நனவுச் சோதனை இரண்டு வேலைகளைச் செய்கிறது. கனவுக்குள் முதல் சந்தேகத்தை எழுப்புவது ஒன்று. எழுந்த சந்தேகத்துக்கும், முக்கியமாக ‘விழித்துவிட்டேன்’ என்ற நம்பிக்கைக்கும், தணிக்கை செய்வது மற்றொன்று. முதல் வேலைக்குத் தேறியவர் பகல் முழுக்கச் சோதனை செய்யத் தேவையில்லை என்பதற்கே ஆதாரம் சாய்கிறது. உறங்குமுன் எடுக்கும் உறுதியும் ஊறிய கவனமும் அந்த வேலையைச் செய்கின்றன. பகல் சோதனையைக் குறைப்பதில் நலமும் இருக்கலாம். இரண்டாம் வேலைக்கு, விழித்த கணத்தில் செய்யும் ஒரே ஒரு சோதனைக்கு, மாற்று இன்னும் வரவில்லை. அதிலும் ஒன்றுக்கு மேற்பட்ட வகைச் சோதனையைக் கையாள்வதும், விடை ‘நனவு’ என்று வந்தால் அதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளாமல் வைத்திருப்பதும் நல்லது.

தீராதவை பல. தேறியவர்களை மட்டும் சேர்த்து, பாதிப்பேர் சோதனையைக் கைவிட, மீதிப்பேர் தொடர, பல மாதங்கள் கண்ணசைவுப் பதிவோடு ஒப்பிடும் ஆய்வுதான் இரு தரப்பின் வழக்கையும் நேராக எடைபோடும். 2021இல் கேரன் கான்கொலியும் நான்கு நாடுகளின் குழுக்களும் கனவு காண்பவரிடம் சிறு கணக்குகளைக் கேட்டுக் கண்ணசைவில் விடை பெற்றிருக்கிறார்கள். அந்த வழி திறந்திருப்பதால், கனவுக்குள் நடக்கும் சோதனை சரியாகத் தீர்ப்பளித்ததா, தவறாகத் தீர்ப்பளித்ததா என்பதை வெளியிலிருந்தே பதிவு செய்வது இனி நடைமுறையில் முடியும். பொய் விழிப்பு மட்டும் அங்கேயும் சிக்கலாகவே நிற்கும்: விழித்துவிட்டதாக நம்புகிறவர் சைகை தர முனைய மாட்டார். அந்த நம்பிக்கையின் உள்ளே இருப்பவரை வெளியிலிருந்து எட்டும் முறை எது என்பதை அடுத்த ஆய்வுகள்தாம் கண்டாக வேண்டும்.